பார்ப்பதும் பிடிப்பதும்

இங்கிலீஷ்காரர்கள் துப்பாக்கியால் சுடுவதற்கும் காமிராவால் படம் எடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். இரண்டும் அவர்களுக்கு 'ஷூட்'தான். நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் நாம் ரொம்பச் சாதுக்கள் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை. 'படம் பிடிக்கிறேன்' என்கிறோம். மீன் பிடிக்கிறோம், முயல் பிடிக்கிறோம், திருடனைப் பிடிக்கிறோம். அந்த வரிசையிலே படத்தையும் பிடிக்கிறோம். ஒரு காரியத்தைச் செய்கிறவன் மனசிலே அந்தச் சமயம் என்ன ஓடுகிறதோ, அது அவனை அறியாமலே அவன் சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காமிராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவையின் பின்னால் போனவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். கால் தானாகப் பதுங்குகிறது, மூச்சு அடங்குகிறது, விரல் துடிக்கிறது. படம் விழுந்ததும் 'மாட்டிக்கொண்டது' என்று ஒரு திருப்தி. வேட்டைக்காரனுக்கும் இதே திருப்திதான் இருந்திருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டே என்பீர்கள். பிடிபட்ட மீன் செத்துப்போகிறது. படம் பிடிபட்ட பறவைக்கு ஒன்றும் ஆவதில்லை. அது பாட்டுக்குக் கிளையிலே உட்கார்ந்திருக்கிறது. எடுத்தவனுக்கு லாபம், கொடுத்தவனுக்கு நஷ்டம் இல்லை. உலகத்தில் இப்படி ஒரு வியாபாரம் வேறு எங்கே நடக்கிறது? பொதுவாக எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். இந்த நினைப்பு எந்த அளவுக்கு வாஸ்தவம் என்பதுதான் என்னுடைய கேள்வி.

நானும் படம் எடுக்கிறவன்தான். ஆகையால் இதைக் கரையில் நின்றுகொண்டு சொல்லும் உபதேசமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுராந்தகம் தாலுகாவிலே இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு ஏரி. அந்த ஏரிக்கரைமேல் பல வருஷங்களாகக் காலை வேளையில் நடக்கிறேன். தோளிலே காமிராப் பை தொங்கும். பாதி நாள் பையைத் திறக்காமலே வீடு திரும்பியிருக்கிறேன். அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலே ஒரு ருசி இருக்கிறது. அது ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குக் கிடைக்காத ருசி. ஐப்பசியில் செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் வருகிறது. கார்த்திகையில், நல்ல மழையாக இருந்தால், கலங்கல் வழிகிறது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. பகலெல்லாம் அவற்றில் வக்காக்கள் தூங்கி வழிகின்றன. தை மாதத்தில் நடு ஏரியிலே கறுப்புப் புள்ளிகளாக ஒரு கூட்டம் மிதக்கும். ஊசிவால் வாத்துகள். வடக்கே எங்கேயோ பனி உறைகிற தேசங்களிலிருந்து வந்து, எங்கள் ஊர் ஏரியில் பகல் தூக்கம் போடுகின்றன. மாசியிலே வேலியோரத்துக் கல்யாண முருங்கை இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கிறது. அன்றிலிருந்து அது மரம் இல்லை, சத்திரம். மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் அதில் போடுகிற சண்டையைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்தி தோற்றுப்போகும். பங்குனியில் புங்க மரங்கள் மொட்டையாகி, சில நாளுக்குள் எண்ணெய் தடவினாற்போல் புதுத் தளிர் விடுகின்றன. சித்திரையில் சரக்கொன்றை. அப்புறம் ஏரி வற்றி வெடித்து, ஆடிக் காற்றில் புழுதி பறக்கிறபோது, பனை ஓலையில் தூக்கணாங்குருவிகள் வேலையை ஆரம்பிக்கின்றன.

இந்தத் தூக்கணாங்குருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் குருவி கூட்டைப் பாதி வரைக்கும் கட்டி நிறுத்திவிடும்; கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி இருக்கும். பிறகு சிறகடித்துப் பெண் குருவிகளைக் கூப்பிடும். பெண் குருவி வந்து உள்ளே போய்ப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால்தான் மிச்ச வேலை நடக்கும். பிடிக்காவிட்டால் பாதிக் கூடு பாதிக் கூடாகவே தொங்கவேண்டியதுதான். நானாக இதைக் கண்டு புரிந்துகொள்வதற்கு இரண்டு பருவம் ஆயிற்று. இதை ஒரு படத்திலே காட்ட முடியுமா? முடியாது. படத்தில் ஒரு குருவியும் ஒரு கூடும் இருக்கும். நிராகரிக்கப்பட்டவனின் மறு முயற்சி இருக்காது. என்னிடம் உள்ள படங்களில் எனக்கே பிரியமானது ஒரு புங்க மரத்தின் வரிசை: ஒரே கல்லின்மேல் நின்று, மாதம் ஒரு படமாக எடுத்தது. அதைப் பார்த்து இதுவரை யாரும் 'பிரமாதம்' என்றதில்லை.

பிரமாதம் என்று சொல்லவைக்கிற படம் வேறு மாதிரி. அதற்குக் கிட்டே போகவேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆள்காட்டிக் குருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். மஞ்சள் காலும், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தொங்கலுமாக, வயல்வெளியிலே குடுகுடு என்று ஓடி ஓடி நிற்கும். மனிதன் வந்தால் எழும்பிப் பறந்து, ஊரைக் கூட்டும். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதன்மேல் தீராத கோபம். பதுங்கிப் போகிறவனை மற்ற ஜீவன்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறதே! அதனால்தான் அந்தப் பெயர். நம்முடைய பறவைப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மற்றப் பெயர்களெல்லாம் பறவை நமக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்கின்றன. இது ஒன்றுதான் நாம் பறவைக்கு எப்படித் தெரிகிறோம் என்று சொல்கிறது.

இந்தக் குருவி மரத்திலே கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் ஒரு சிறு பள்ளம். அதைச் சுற்றி நாலு கூழாங்கல், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. அவ்வளவுதான் வீடு. பெரும்பாலும் நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல். ஓரடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அடை காப்பது நாலு வாரம். ஆணும் பெண்ணும் முறை போட்டுக்கொண்டு உட்காரும். எங்கள் பக்கத்தில் சித்திரை வெயிலிலே இது நடக்கிறது. அந்த வெயிலில் முட்டைக்கு வேண்டியது சூடு அல்ல, நிழல். தாய் உட்காருவது குடை பிடிக்கத்தான். எங்கேயோ மிச்சம் இருக்கிற குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். இப்போது ஒருவர் நல்ல படம் வேண்டும் என்று கூட்டுக்குப் பக்கத்தில் முக்காலியை நட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? குருவி தலைக்குமேல் சுற்றிக் கத்திக்கொண்டிருக்கும். நாலு முட்டைகளும் வெயிலில் கிடக்கும். அரை மணியோ ஒரு மணியோ கழித்து அவர் எழுந்து போவார். முட்டைகள் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். தாய் திரும்பி வந்து உட்காரும். குஞ்சு பொரிக்காமல் போனால், அது ஏன் என்று படம் எடுத்தவருக்குத் தெரியப்போவதில்லை. கொன்றோம் என்ற எண்ணமே இல்லாமல் கொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சட்டத்தைப் பற்றி நமக்கெல்லாம் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதினவர்கள் இந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறார்கள். வேட்டை என்றால் என்ன என்று சொல்ல வந்தவர்கள், கொல்வது, பிடிப்பது என்பதோடு நிற்கவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டை என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தம் சிந்தாத வேட்டையும் வேட்டையே. இதற்கு மேலே ஒரு தர்ம சாஸ்திரமும் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஊரில் ஒரு இளைஞர் இருக்கிறார். நல்ல காமிரா, முழ நீளத்துக்கு லென்ஸ், அதைவிட நல்ல சுபாவம். 2023 சித்திரையில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். ஏரியின் தென்மேற்கு மூலையில் ஒரு ஆள்காட்டி முட்டை வைத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"இடத்தை மட்டும் காட்டுங்க சார். அஞ்சு நிமிஷத்திலே எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றேன்.

"நான் தொடமாட்டேன் சார். உங்களுக்கே தெரியும்."

தெரியும். தொடுகிற மனிதர் இல்லை அவர். ஆனால் படத்தைப் போட்டவுடன் நாலு பேர் இடம் கேட்பார்கள். நாலு பேரில் ஒருவர் முட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைப்பார். இப்போதெல்லாம் பூவின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பனித்துளி என்கிறார்கள்; பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, அசையாமல் நிற்கிறது என்று எடுக்கிறார்கள். லண்டனிலே இயற்கை வரலாற்று மியூசியம் நடத்துகிற போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது, ஒரு ஓநாய் வேலியைத் தாண்டுகிற படம். அது காட்டு ஓநாய் இல்லை, அநேகமாகப் பழக்கி வைத்த ஓநாய்தான் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆசை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். பார்ப்பதற்காகப் புறப்பட்டவன், கடைசியில் பார்க்காததைக் காட்டுகிறவனாகிவிடுகிறான்.

இளைஞர் விடவில்லை. "எம். கிருஷ்ணன் படம் எடுக்கலையா சார்?" என்றார். சரியான இடத்திலேதான் கை வைத்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் கிருஷ்ணன், நம் நாட்டு மிருகங்களையும் பறவைகளையும் அவர் மாதிரி சிரத்தையோடு பார்த்து எழுதினவர்கள் கொஞ்சம் பேர்தான். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்து, 1996-ல் காலமாகும் வரைக்கும் எழுதினார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருக்கும் முன்னால், துப்பாக்கியோடு காட்டுக்குப் போவதே கௌரவம் என்றிருந்த காலத்தில், சாம்பியன் என்ற வன அதிகாரி சிவாலிக் காடுகளிலே புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி வைத்து, புலியின் காலே தட்டிப் புலியின் படம் விழும்படி செய்தார். அந்தப் படங்களோடு அவர் புத்தகம் 1927-ல் வந்தது. புலியைப் பார்க்கவேண்டுமென்றால் சுடவேண்டும் என்றிருந்த ஜிம் கார்பெட்டுக்கே அது ஒரு வழிகாட்டியாயிற்று. ஆகவே காமிரா துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்திருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. எனக்குப் பறவைகளின்மேல் ஆசை விழுந்ததே ஒரு பழைய புத்தகத்துப் படத்தைப் பார்த்துத்தான்.

"ஒரு படம் ஆயிரம் பேர் மனசை மாத்தும் சார். அதுக்காக ஒரு கூடு கொஞ்ச நேரம் சிரமப்பட்டா என்ன?" என்றார் அவர்.

இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆயிரம் பேருடைய நன்மைக்காக ஒருத்தியைச் சிரமப்படுத்துவது என்றால், அந்த ஒருத்தியை ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? ஆஸ்பத்திரியில் பிரசவ வேதனையில் இருக்கிறவளை, உலகத்துக்குத் தாய்மையின் பெருமையை உணர்த்துகிறேன் என்று ஒருவன் சம்மதம் கேளாமல் படம் எடுத்தால் நாம் சும்மா விடுவோமா? பறவையிடம் எப்படிச் சம்மதம் கேட்பது என்பீர்கள். கேட்கவே வேண்டாம், அது கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிறது. தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துகிறதே, அதற்கு வேறு என்ன அர்த்தம்? எங்கள் ஏரியில் ஆடு மேய்க்கிற கிழவி ஒருத்திக்கு இது நன்றாகத் தெரிகிறது. ஆள்காட்டி கத்தினால் "அதுக்கு வூடு இங்கதான் இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஆடுகளைச் சுற்றி ஓட்டிப் போகிறாள். வீடு எங்கே என்று அவள் தேடினதில்லை. முட்டை என்ன நிறம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

வேடந்தாங்கலும் எங்களுக்குக் கூப்பிடு தூரந்தான். அங்கே பறவைகளைக் காப்பாற்றியவர்களும் படம் பார்த்துக் காப்பாற்றவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் லயனல் பிளேஸ் துரை அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டு கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் மழை இரவிலே ஏரிக்கரைமேல் வில்லும் கையுமாக ராமலட்சுமணர் காவல் நின்றதைக் கண்டதாகச் சொல்கிறார்களே, அதே பிளேஸ் துரைதான். (நல்லவேளை, அவரிடம் காமிரா இல்லை. இருந்திருந்தால் நமக்கு ஒரு மங்கல் படம் மிஞ்சியிருக்கும். கோயில் கதை மிஞ்சியிருக்காது.) வேடந்தாங்கல்காரர்களை நான் மகான்களாக்கப் பார்க்கவில்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கள் நன்மையும் அதில் கலந்திருந்தது. கலந்திருந்தால் என்ன? நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அவர்களுடைய உள்நோக்கத்தை விசாரித்துக்கொண்டு வந்து கூடு கட்டவில்லை.

இடத்தை நான் காட்டவில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன், தூரத்திலிருந்துதான். குருவி இல்லை. கத்தல் இல்லை. கிட்டே போனேன். கூழாங்கற்கள் இருந்தன, முட்டைகள் இல்லை. ஈர மண்ணிலே நாயின் கால் தடம்.

இளைஞரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அந்தப் பெருந்தன்மை அவருக்கு உண்டு. "என்னையாவது விட்டிருந்தா ஒரு படமாவது இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பேச்சு என்னை ரொம்ப நாள் படுத்தியது. நாய் தின்னப்போகிற முட்டைக்கு நான் காவல் இருந்ததில் என்ன பிரயோஜனம்? தரையில் வைக்கிற முட்டைகளில் பல இப்படித்தான் போகின்றன. நாய், கீரி, காக்கை, மாட்டுக் குளம்பு. இயற்கை தன் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படாதபோது, நான் மட்டும் ஏன் இந்தப் பாடு படவேண்டும்? யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மனிதர்கள் எல்லோரும் ஒரு நாள் சாகப்போகிறவர்கள்தாம். அதனால் கொலை செய்கிறவனுக்குக் குற்றம் குறைவதில்லை. நாய்க்குப் பசி. அது முட்டையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நான் அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நேசிக்கிறவன் என்ற பாத்தியதையைக் கொண்டாடுகிறவனுக்கு, நாயிடம் கேட்காத கணக்கை எல்லாம் கேட்கத்தான் வேண்டும். படம் கிடைக்காமல் வீடு திரும்ப முடிகிறவன்தான் பார்க்க வந்தவன். முடியாதவன் பிடிக்க வந்தவன். இரண்டு பேர் கையிலும் ஒரே காமிராதான் இருக்கிறது.

இதோடு என் கட்சி ஜெயித்துவிட்டது என்று முடித்துவிட முடிந்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும். 2024-ல் வேறொன்று நடந்தது. எங்கள் ஏரியில் சவுடு மண் அள்ளுவதற்கு ஏற்பாடு நடக்கிறது என்று பேச்சு வந்தது. தூர் எடுப்பது என்று பெயர். ஆனால் ஆழம் பார்த்து எடுக்கப்போவதில்லை, லாபம் பார்த்து எடுக்கப்போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இளைஞர்தான் மனு எழுதலாம் என்றார். இங்கே படம் என்பது அலங்காரம் இல்லை, சாட்சி. இந்த இடத்தில் இன்ன பறவை குஞ்சு பொரிக்கிறது என்று எழுதினால் யார் நம்புவார்கள்? படம் வேண்டும். சாட்சிக்குத் தூரத்துப் படம் போதும் என்பது என் அபிப்பிராயம். கிட்டத்துப் படம் போட்டிக்குத்தான் வேண்டும். என்னிடம் கரைமேலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. வெடித்த ஏரித் தரை, நடுவில் அடை காக்கும் ஆள்காட்டி. அதை மனுவோடு இணைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு அலுவலகத்துக்குப் போனோம்.

அதிகாரி நல்லவிதமாகவே பேசினார். படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதிலே பறவை எங்கேங்க?" என்றார்.

விரல் வைத்துக் காட்டினேன்.

"கல்லு மாதிரில்ல இருக்கு" என்றார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்வரை இளைஞர் ஒன்றும் பேசவில்லை. கல் மாதிரி இருக்கவேண்டும் என்றுதான் அந்தக் குருவி பிரயத்தனப்படுகிறது. அந்த வித்தையால்தான் அதன் வம்சம் பிழைத்து வருகிறது. அது நாயைக்கூடச் சில சமயம் ஏமாற்றுகிறது. மண் லாரியை ஏமாற்றாது. என் தூரத்துப் படம் குருவியின் பக்கம் நின்றது. அதிகாரியின் கண்ணுக்குச் சாட்சியாக நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் உண்மையாக இருக்கிற படம் ஒன்று எடுக்க முடியுமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மண் இன்னும் அள்ளவில்லை. மனுவுக்குப் பதிலும் வரவில்லை. இளைஞர் மறுபடியும் வந்திருந்தார். இந்தத் தடவை ஐந்து நிமிஷம் என்று சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில், அறுபது தப்படி தள்ளி உட்காருவதாகச் சொன்னார்; குருவி எழுந்தால் தானும் எழுந்துவிடுவதாகவும், படத்தை மனுவுக்கு அல்லாமல் வேறு எங்கும் போடுவதில்லை என்றும் சொன்னார். நூறு தப்படி என்று நான் சொன்னேன். அந்தத் தூரத்தில் முட்டை தெரியாது சார் என்றார். முட்டை எதற்கு, குருவி உட்கார்ந்திருப்பது தெரிந்தால் போதாதா என்று கேட்டேன். கல் மாதிரி இருக்கும் என்றார்.

எண்பது தப்படியில் பேச்சு நின்றிருக்கிறது.